வண்ணமும் மதிப்பெண்ணும்

முதலாண்டு மாணவர்க்கு ஆய்வுக்கூடத்தில் துணைநின்று கற்பிக்கும் கடமை, முதுகலை மாணவராகிய நம்மிற் சிலருக்கு உண்டு. அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்றைச் சொல்ல விழைகின்றேன்.

மெத்தில் ஆரஞ்சு மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறும் நொடியில் பியூரெட்டை மூடுக என்கின்றோம். சுடரில் செங்கல் சிவப்பைக் கண்டால் கால்சியம், ஆப்பிள் பச்சையைக் கண்டால் பேரியம் என்கின்றோம். சிவப்பும் பச்சையும் வேறு வேறாகத் தோன்றாத கண்ணுடையவன் என் செய்வான்? இது பிறவியில் அமைவது. இதற்குரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. ஆண்களுக்கு அது ஒன்றே ஆதலின் இக்குறை அவர்களிடமே மிகுதி. ஐம்பது ஆண்கள் கூடிய வகுப்பில் ஒருவரோ இருவரோ இத்தகையோராய் இருக்கக்கூடும். அவர்கள் வாய் திறப்பதில்லை. அடுத்தவன் விடையைப் பார்த்து எழுதுகின்றனர். நாமோ 'கவனமில்லாதவன்' என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகின்றோம்.

அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனே இத்தகைய கண்ணுடையவர்தாம்! 1794-இல் மான்செஸ்டரில் தம் கண்ணைப் பற்றியே அவர் ஆய்வுரை படித்தார். அவர் இறந்தபின் பாதுகாக்கப்பட்ட கண்ணின் மரபணுவை 1995-இல் ஆராய்ந்து, பச்சை ஒளியை உணரும் நிறமி அவரிடம் இல்லை எனக் கண்டனர். நம் தேர்வுமுறையில் டால்டன் தேறியிருப்பாரா?

'நிறம் அறிதலும் வேதியியல் திறனன்றோ?' எனச் சிலர் வினவலாம். அன்று. இன்றைய ஆராய்ச்சியாளர் சோடியத்தின் மஞ்சளைக் கண்ணால் மட்டும் முடிவு செய்வதில்லை. 589 நானோமீட்டர் என்று கருவி காட்டும் எண்ணையே நம்புகின்றார். நாம் சோதிக்க வேண்டியது அறிவை, விழித்திரையை அன்று.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைக் குறிக்கின்றது. நிறக்குருடு அவற்றுள் இல்லை. எனினும் புனே திரைப்படக் கல்லூரியின் எந்தப் படிப்பிலும் இத்தகையோரை விலக்கலாகாது என்ற கருத்தை உச்சநீதிமன்றம் 2022-இல் ஏற்றது. வண்ணமே உயிரான திரைக்கலையிலேயே இடமுண்டென்றால், வேதியியலில் இல்லையா?

செய்யவேண்டுவன சிலவே. நிறங்காட்டிக்கு மாற்றாக பி.எச். மீட்டர் தருக. நிறத்தை உடனிருப்பவன் சொல்ல, கணக்கை இவன் செய்ய இசைவளிக்க. பச்சைப் பலகையில் சிவப்புச் சாக்கட்டியைத் தவிர்க்க. வரைபடக் கோடுகளை நிறத்தால் மட்டுமன்றி, வட்டத்தாலும் முக்கோணத்தாலும் வேறுபடுத்துக. முதல் நாளிலேயே, யாரையும் சுட்டாமல், இவ்வசதிகளை எல்லார்க்கும் பொதுவாக அறிவிக்க. கருவி ஒன்றைத் தவிர இவற்றிற்குக் காசு வேண்டா.

தமிழ்வழி பயின்று இவ்வூர் வகுப்பறைக்கு வந்த நாம், மொழி விளங்காமையை அறிவின்மை என்று பிறர் கொண்டபோது உள்ளம் வெந்தவர்கள். அந்த வேதனை அறிந்தவர்களே இன்னொருவன் கண்ணுக்காக அவன் அறிவைக் குறைத்து மதிக்கலாமா? தோழர்களே, அடுத்த ஆய்வு வகுப்பிலிருந்தே தொடங்குவோம்.