மாறுகண்ணும் கைத்தொலைபேசியும்

பிள்ளைக்கு மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்துப் போனார்கள். அந்த அதிர்ஷ்டம் எந்த லயத்து வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது என்று இதுநாள் வரை யாரும் நமக்குக் காட்டியதில்லை. அதை நம்பிச் சும்மா இருந்ததால் ஒரு கண் பார்வையைப் பறிகொடுத்தவர்கள் மட்டும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே தோழர்களே, இந்த வாரம் கூலியையும் போனஸையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நம் பிள்ளைகளின் கண்ணைப்பற்றிப் பேச விரும்புகிறோம்.

மாறுகண் என்பது அழகைப் பற்றிய விஷயமன்று. இரண்டு கண்களும் ஒரே இடத்தைப் பார்த்தால்தான் மூளை இரண்டு படங்களையும் சேர்த்து ஒன்றாக்கும். ஒரு கண் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நின்றால் மூளைக்கு இரண்டு வெவ்வேறு படங்கள் போகின்றன. பெரியவர்களுக்கானால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். பிள்ளையின் மூளையோ கெட்டிக்காரத்தனமாக ஒரு படத்தைத் தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்ட கண் வேலையற்று, நாளடைவில் பார்க்கவே மறந்துவிடுகிறது. சோம்பல் கண் என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் பெரும்பாலும் மீட்கலாம். அதற்குப் பிறகு வர வரக் கடினமாகிவிடும்.

ஒரு கண் போனால் என்ன, மற்றொன்று இருக்கிறதே என்பார் சிலர். மரத்தில் கத்தி வைக்கும் நமக்கா இதைச் சொல்லவேண்டும்? பட்டையின் ஆழம் தெரிந்து, கட்டையில் காயம் படாமல் வெட்டுவதற்கு எத்தனை நுட்பமான பார்வை வேண்டும்! அருகிலுள்ள பொருளின் ஆழத்தைக் கணக்கிட்டுத் தருவது இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கும் பார்வைதான். அது பிள்ளைப் பருவத்தில் அமையாமல் போனால் பின்னால் அமைவது அரிது.

சரி, கண் திரும்பியிருக்கிறதா இல்லையா என்று எப்படி அறிவது? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெர்லின் நகரத்துக் கண் வைத்தியர் யூலியஸ் ஹிர்ஷ்பெர்க் இதற்கு மிக எளிய வழி கண்டார். நோயாளியின் முகத்துக்கு நேரே ஒரு மெழுகுவர்த்தியைப் பிடித்தார். கருவிழியின் மேல் அந்தச் சுடர் சிறு புள்ளியாகத் தெரியும். இரு கண்களிலும் புள்ளி ஒரே இடத்தில் நின்றால் கண்கள் நேர்; ஒன்றில் நடுவிலும் மற்றொன்றில் ஓரத்திலும் நின்றால் கோணல். இன்றைக்கும் வைத்தியர் கைவிளக்கை அடித்துப் பார்ப்பது இதே சோதனைதான். விடியுமுன் நாம் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறோமே, எதிரே வருகிறவரின் கண்ணில் அந்த விளக்கே இந்தப் புள்ளியைக் காட்டும். (அதற்காக அந்தக் கூசும் விளக்கைப் பச்சைப் பிள்ளையின் கண்ணில் அடித்துவிடாதீர்கள்.)

மெழுகுவர்த்தியின் இடத்துக்கு இப்போது கைத்தொலைபேசி வந்திருக்கிறது. பிளாஷ் விளக்குடன் படம் எடுத்தால் அதே ஒளிப்புள்ளி படத்தில் நிலையாகப் பதிந்துவிடும். பிள்ளை ஓடினாலும் படம் ஓடாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஷெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிலையத்தில் காங் லுவோ என்பாரும் அவர் குழுவினரும் 'ஐ டர்ன்' என்ற செயலியைச் செய்திருக்கிறார்கள். ஒளிப்புள்ளி விழிவட்டத்தில் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கைத்தொலைபேசியே கணக்குப் போட்டுச் சொல்லும்.

செயலி இல்லாமலே நம் வீட்டில் செய்யக்கூடியது உண்டு. வெயில் இல்லாத இடத்தில், கையெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் நின்று, பிள்ளை நேரே கேமராவைப் பார்க்கும்போது பிளாஷுடன் நாலைந்து படம் எடுங்கள். ஒரே படத்தை நம்பாதீர்கள். பெரிதாக்கி, இரண்டு கண்ணிலும் வெள்ளைப் புள்ளி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பல படங்களில் ஒரு கண்ணில் மட்டும் விலகி நின்றால் கிளினிக்குக்குப் போகவேண்டும். மூக்குத் தண்டு அகலமாயுள்ள சில குழந்தைகளுக்கு மாறுகண் போலத் தோற்றம் தரும், ஆனால் புள்ளி நேராகவே நிற்கும். பிறந்த குழந்தையின் கண் முதல் இரண்டு மூன்று மாதம் அங்குமிங்கும் அலைவதும் இயல்பே. நாலு மாதத்துக்குப் பிறகும் திரும்பினால் தாமதிக்கக்கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிளாஷ் படத்தில் பாப்பா சிவப்பாகத் தெரிவது வழக்கம். ஒரு கண் சிவந்தும் மற்றது வெள்ளையாகவும் மின்னினால், வெறும் மாறுகண் என்று இருந்துவிடலாகாது. கண்ணுக்குள் வளரும் புற்றுக்கட்டியின் அறிகுறியாக அது இருக்கக்கூடும். அந்தக் கட்டி சில குழந்தைகளிடம் மாறுகண்ணாகவும் வெளிப்படுவதுண்டு. டெக்சஸ் மாநிலத்து பேலர் பல்கலைக்கழகத்தில் பிரயன் ஷா என்று ஒரு ரசாயனப் பேராசிரியர். தம் மகனுக்கு இந்நோய் வந்தபின் பழைய குடும்பப் படங்களைத் தேடியபோது, பிறந்த 12ஆம் நாளிலேயே அந்த வெள்ளொளி படத்தில் இருந்ததைக் கண்டார். கண் வைத்தியரல்லாத அவர் நண்பர்களுடன் சேர்ந்து அதைக் கண்டுபிடிக்கும் செயலி ஒன்றைச் செய்தார். வெள்ளொளி தெரியும் படமெல்லாம் நோயாகாது; கேமராவின் கோணத்தாலும் வரலாம். ஆயினும் அதைப் பிரித்தறிய வேண்டியவர் வைத்தியர், நாமல்லர்.

கைத்தொலைபேசி 'சந்தேகம்' என்று சொல்லும். 'இல்லை' என்று சத்தியம் செய்யாது. களைத்தபோது மட்டும் திரும்பும் கண் படத்தில் நேராக நிற்கலாம். கண் நேராக இருந்தும் ஒரு கண்ணில் பார்வைக் குறைவுள்ள பிள்ளையை ஒளிப்புள்ளி காட்டிக்கொடுக்காது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொழிலாளருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் சுகாதார, வைத்திய வசதி செய்து தரவேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் முதலாளிமாரைக் கட்டுப்படுத்துகிறது. நாளைக்கு ஒரு நிர்வாகம், 'போனில் சோதித்தாகிவிட்டது, இனி டாக்டர் எதற்கு?' என்று கேட்டால் நாம் தலையாட்டக்கூடாது.

கென்யா நாட்டில் கிட்டாலே என்ற ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2018ல் வெளிவந்தது. மாறுகண்ணுக்கல்ல, பார்வைக் குறைவுக்கு நடந்தது அது. ஆனாலும் நமக்குப் பாடமாகும். ஒரு பகுதிப் பள்ளிகளில் ஆசிரியர்களே 'பீக்' என்ற கைத்தொலைபேசிச் செயலியால் பிள்ளைகளைச் சோதித்தார்கள். மறு பகுதியில் பழைய சுவர் அட்டை. வித்தியாசம் சோதனையோடு நிற்கவில்லை. கைத்தொலைபேசி வழி நடந்த பள்ளிகளில் பெற்றோருக்கு நினைவூட்டும் செய்தி போய்க்கொண்டே இருந்தது. குறை கண்ட பிள்ளைகளில் அங்கே 100க்கு 54 பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அட்டைப் பள்ளிகளில் 22 பேர்தான். நினைவூட்டியும் ஏறக்குறைய பாதிப் பேர் போகவில்லை என்பதையும் பாருங்கள்.

நம் பிள்ளைகளை யார் கொண்டு சேர்ப்பது? நிபோங் திபாலிலோ சுங்கை பட்டாணிப் பக்கத்திலோ உள்ள தோட்டத்திலிருந்து ஜார்ஜ் டவுனிலுள்ள பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கூட்டி வருவதென்றால் பஸ், பெர்ரி, காத்திருப்பு என்று ஒரு நாள் முழுதும் போய்விடும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அந்த ஒரு வெள்ளியா நம்மைத் தடுக்கிறது? அன்றைய பெரட்டுக்கு வராத கூலியல்லவா தடுக்கிறது! தனியார் தொழிலாளி தான் சுகவீனமானால் சட்டப்படி சம்பளத்துடன் லீவு பெறலாம். பிள்ளைக்குச் சுகமில்லையென்றால் அந்த உரிமை கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு மரம் வெட்டும் தோழருக்கோ ஆஸ்பத்திரிக் கட்டணமே பன்மடங்கு. கண் வைத்தியர் நாள் குறித்துக் கொடுத்த சீட்டுடன் போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றைய சம்பளமும் தோட்டத்து வண்டியும் கொடுக்க வேண்டும் என்று அடுத்த ஒப்பந்தப் பேச்சில் கேட்கவேண்டும் என்பது நமது கருத்து. ஒரு முறை போய் முடிகிற காரியமல்ல இது.

வைத்தியத்தைப் பற்றிய பயமும் சிலரைத் தடுக்கிறது. கண்ணைத் தோண்டி வெளியே வைத்துத் திருப்புவார்கள் என்ற கதை இன்னும் லயங்களில் உலவுகிறது. அப்படி எதுவும் இல்லை. தூரப் பார்வைக் கோளாறால் உள்ளே திரும்பும் கண் பல பிள்ளைகளுக்கு மூக்குக் கண்ணாடியாலேயே நேராகிவிடும். சோம்பல் கண்ணுக்கு, நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைத்து மற்றக் கண்ணுக்கு வேலை கொடுப்பார்கள். நடுத்தரக் கோளாறுக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரமே போதும் என்று 2003ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. அறுவை வேண்டியிருந்தாலும் கை வைப்பது கண்ணை அசைக்கும் தசைகளில்தான். கண் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. திடீரென்று எல்லாம் இரண்டாகத் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் முக்கியமாக.

கண்ணைச் சோதிக்கும் இதே கைத்தொலைபேசி கண்ணைக் கெடுக்கவும் கூடும் போலிருக்கிறது. மிக நெருக்கத்தில் வைத்து நாளுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் மாதக்கணக்காகப் பார்த்து, கண் உள்ளே திரும்பிவிட்ட 12 பிள்ளைகளைப்பற்றிக் கொரிய வைத்தியர்கள் 2016ல் எழுதினார்கள். பார்ப்பதைக் குறைத்தபின் கோணலும் குறைந்தது. சோறூட்டக் கைத்தொலைபேசியைக் கொடுக்கும் தாய்மார் கவனிக்க.

கிராணிமாருக்கு நம் வேண்டுகோள் இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளையும் பாலர் பள்ளிப் பிள்ளைகளையும் தாய்மார் முன்னிலையில், அவர்கள் சம்மதத்துடன், அவர்கள் கைத்தொலைபேசியிலேயே படம் எடுத்துக் கொடுங்கள். படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். சந்தேகமுள்ள படத்தை அழிக்காமல் கிளினிக்கில் காட்டச் சொல்லுங்கள். அங்கே எழுதித் தரும் சீட்டின் தேதியைச் செக்ரோல் பக்கத்தில் குறித்துக்கொண்டு, முதல் நாள் மாலையில் அந்த வீட்டுக் கதவைத் தட்டி நினைவூட்டுங்கள்.