வண்டிக்குக் குடை பிடிக்கலாமா?

டிகிரி கையில வர்றதுக்கு முன்னாடியே குட்டி யானை கைக்கு வந்துடுச்சு ஒரு தம்பிக்கு. ஊர் எரியோடு. பி.காம். கடைசி வருஷம். பழைய குட்டி யானை ஒண்ணைப் பிடிச்சு, பின்னால பாடி கட்டி, சாயங்காலம் நாலு மணிக்கு மேல டிபன், ஜூஸ், காளான் சூப்னு ஓட்டப் போறாராம். அப்பா போட்ட பணம் பாதி, முத்ரா லோன் பாதி. எல்லாம் ஓகே. ஒரே ஒரு விஷயத்துல மட்டும் வீட்டுல பஞ்சாயத்து.

“இழுத்தா வெளியே வர்ற ஆனிங் போட்டுக்கலாம், பாக்க கெத்தா இருக்கும்”னு சொல்றார் பட்டறை அண்ணன். “ரெண்டு மூங்கிலும் ஒரு படுதாவும் போதாதா?”ங்கிறார் அப்பா. “நீங்களே சொல்லுங்க, போடவா வேணாமா?”னு நம்மகிட்ட வந்து நிக்கிறார் தம்பி.

சிரிக்காதீங்க. முத்ராவில் சிசு பிரிவுன்னா 50,000 ரூபாய் வரைக்கும்தான். 2015-ல் திட்டம் வந்த நாள்லேர்ந்து அதுதான் அளவு. அந்தத் தொகையில அடுப்பு, சிலிண்டர், பாத்திரம், முதல் மாசச் சரக்கு எல்லாம் அடங்கணும். அதுல ஒரு பங்கைத் துணிக்குக் கொடுக்குறதா இல்லையாங்கிறது சின்னக் கேள்வி இல்லை மக்களே. காலேஜ் முடிச்சுட்டு ஃபுட் வேன் போடலாம்னு உங்க கிளாஸ்லயும் ரெண்டு பேராவது கனவு கண்டுட்டு இருப்பாங்க. அவங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த வாரம்.

இதே கேள்வியில வருஷக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிறவங்க இருக்காங்க. அமெரிக்காவுல!

நமக்கு கேரவன்னா ஷூட்டிங் ஸ்பாட்டுல ஹீரோ ஏறி உட்கார்ற வண்டி. அங்கே அது சாதாரணக் குடும்பம் லீவுக்குக் கட்டி இழுத்துட்டுப் போற வீடு. ‘டிராவல் டிரெய்லர்’னு பேரு. காருக்குப் பின்னால கொக்கி மாட்டி இழுப்பாங்க. ரோட்டுல போகும்போது அகலம் குறைவா இருக்கணும், நிறுத்தினதும் உள்ளே தாராளமா இருக்கணும். அதுக்காக 1990-கள்ல ஒரு வசதி பரவலா வந்தது. பட்டனை அமுக்கினா, வண்டியோட பக்கவாட்டுச் சுவரே மேஜை டிராயர் மாதிரி வெளியே நகரும். ஹால் அகலமாயிடும். ‘ஸ்லைடு அவுட்’னு சொல்றாங்க.

வெளியே தள்ளின அந்த டிராயருக்கும் ஒரு கூரை இருக்கு இல்லையா? அந்தத் தட்டையான டாப் மேல இலை, சுள்ளி, மழைத்தண்ணி எல்லாம் சேரும். மறுபடி உள்ளே இழுக்கும்போது அத்தனை குப்பையும் ரப்பர் பட்டையை உரசிட்டுப் படுக்கையறைக்குள்ளேயே வந்துடும். இதைத் தடுக்க, டிராயர் வெளியே போகும்போது கூடவே விரிஞ்சு, உள்ளே வரும்போது தானா சுருட்டிக்கிற ஒரு துணி உண்டு. உருளைக்குள்ள ஸ்பிரிங். நம்ம தம்பி கேக்குற ஆனிங்குக்கு அக்கா முறைன்னு வெச்சுக்கலாம்.

அதைப் போட்டவங்க ரெண்டு கட்சி. மரத்தடியில நிறுத்துறவங்க, “இது இல்லாம வண்டியே எடுக்க மாட்டேன்”பாங்க. வெட்டவெளியில நிறுத்துறவங்க, “ராத்திரி பூரா காத்துல படபடன்னு அடிச்சு தூக்கமே போச்சு”ம்பாங்க. மழை பெஞ்சா துணி நடுவுல குளம் கட்டும். அது வழியறதுக்காக துணிக்கு அடியில பந்தைச் சொருகி மேடாக்குறவங்களும் இருக்காங்க. காசு கொடுத்து ஆனிங் வாங்கி, அதுக்கு முட்டுக் கொடுக்க பந்தும் வாங்குற கூத்து!

ரெண்டு கட்சி சொல்றதும் உண்மைதான். நிறுத்துற இடம்தான் வேற வேற. அதனால “ஆனிங் நல்லதா கெட்டதா”ன்னு கேக்குறதை விட்டுட்டு, எரியோட்டுல வண்டி மேல என்ன விழும்னு பார்ப்போம்.

முதல்ல வெயில். எல்லாரும் ஆனிங் கேக்குறதே இதுக்காகத்தான். இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு நம்மைக் கவுத்துடுது. மே மாசம் மத்தியானம் பன்னிரண்டரைக்கு நம்ம ஊர்ல சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே நிக்கும். அப்போ ஆறடி நீள ஆனிங், ஆறடிக்கும் நிழல் தரும். சூப்பர். ஆனா டிபன் வண்டி மத்தியானமா ஓடுது? கூட்டம் வர்றதே ஸ்கூல், காலேஜ் விட்டு, மில் ஷிப்ட் மாறி, நாலரை அஞ்சுக்கு மேல. அஞ்சேகாலுக்கு சூரியன் மேற்கே பதினேழு பதினெட்டு டிகிரிக்கு இறங்கிடும். கவுண்டர் மேற்கு பார்த்து இருந்தா, மட்டமா நீட்டின ஆறடித் துணி வண்டிச் சுவர்ல மேலே ரெண்டு அடிக்குத்தான் நிழல் கொடுக்கும். சட்னி வாளி, தோசைக்கல், வாடிக்கையாளர் மூஞ்சி எல்லாமே வெயில்ல. துணிக்குக் கீழேயே நுழைஞ்சு வர்ற வெயிலைத் துணி என்ன செய்யும்?

ஆக, சாயங்கால வெயிலுக்கு மருந்து ஆனிங் இல்லை. வண்டி முதுகை மேற்குக்குக் காட்டுறதுதான். இதுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது!

அடுத்தது காத்து. இதைப் பத்தி பட்டறையில யாரும் வாயே திறக்க மாட்டாங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா உள்ளே வர்ற தென்மேற்குக் காத்து கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் சமவெளி முழுக்க ஜூன்லேர்ந்து ஆகஸ்டு வரைக்கும் ஆட்டம் போடும். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க? பிசிக்ஸ் படிச்சவங்க கவனிங்க: காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா, அழுத்தம் நாலு மடங்காகும். எட்டடிக்கு ஆறடி ஆனிங்னா ஏறக்குறைய நாலரை சதுர மீட்டர். அதுல மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காத்து நேரா மோதினா சுமார் 35 கிலோ விசை. 60 கிலோமீட்டர்னா 78 கிலோ. ஓர் ஆளே அந்தத் துணியைப் பிடிச்சுத் தொங்குற மாதிரி! அதுவும் கீழேயிருந்து தூக்கும். அந்த மொத்த பலத்தையும் தாங்குறது என்ன? தகரத்துல போட்ட நாலு ஸ்க்ரூ.

கோடை மழையில இன்னும் மோசம். மழைக்கு முன்னாடி புழுதியைக் கிளப்பிட்டு ஒரு காத்து வரும் பாருங்க, அது சொல்லிட்டு வராது. ஒரு கையில கரண்டி, ஒரு கையில சில்லறையோட நிக்கிறவர் எந்தக் கையால ஆனிங்கைச் சுருட்டுவார்? ஆனிங் தயாரிக்கிறவங்களே, காத்து பலமானா சுருட்டிடுங்க, ஆள் இல்லாதப்போ விரிச்சு வைக்காதீங்கன்னு கையேட்டுல எழுதித்தான் கொடுக்கிறாங்க. அந்தப் பக்கத்தை யாரும் படிக்கிறதில்லை.

மூணாவது, மழை. இங்கேதான் ஆனிங் கட்சிக்கு உண்மையான ஓட்டு விழுது. நம்ம பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை. மேற்குக்கு முதுகைக் காட்டி, கிழக்கே கவுண்டரைத் திறந்து வெச்சவருக்கு சாரல் நேரா மூஞ்சியில அடிக்கும். நனைஞ்சுகிட்டே யாரும் தோசை சாப்பிட மாட்டாங்க. அதனால அந்த மூணு மாசத்துக்கு மறைப்பு வேணும். ஆனா சரிவா வேணும். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர். 20 மில்லிமீட்டர் பெஞ்சு, தண்ணி வழியாம நம்ம நாலரை சதுர மீட்டர் துணியிலேயே தேங்கினா 90 லிட்டர், அதாவது 90 கிலோ. நல்ல சரிவு இல்லாத ஆனிங் வளைஞ்சு போறது இப்படித்தான். ஈரத்தோட சுருட்டி வெச்சா ரெண்டே நாள்ல பூஞ்சை வாசனை வேற. சாப்பாட்டு வண்டிக்கு அந்த வாசனை ஆகுமா?

துணியைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. பி.வி.சி. பூசின துணி தண்ணியை முழுசாத் தடுக்கும், துடைச்சா அழுக்கும் போயிடும், எண்ணெய்ப் பிசுக்குக்கு லாயக்கு. ஆனா காத்து உள்ளே புகாது, அடுப்புச் சூடு கீழேயே நிக்கும். நெய்த அக்ரிலிக் துணி கொஞ்சம் மூச்சு விடும், சாயம் சீக்கிரம் வெளுக்காது. ஆனா விலை கூட. சதுர அடிக்கு இவ்வளவுன்னுதான் சொல்வாங்க. நீங்க கேக்க வேண்டியது வேற: “துணி மட்டும் கிழிஞ்சா, மாத்தித் தர என்ன ஆகும்?” இதுக்கு நேரா பதில் வரலைன்னா அந்தக் கடையில வாங்காதீங்க.

சட்டம் என்ன சொல்லுது? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை ஒரு தடவை படிச்சுடுங்க. உற்பத்தியாளர் கொடுத்த அசல் அமைப்பிலிருந்து மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அதனால பாடி கட்டுறதுக்கு முன்னாடி வரைபடத்தோட ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு நடை. கட்டி முடிச்சுட்டுப் போய் நிக்காதீங்க. அப்புறம், விரிச்ச ஆனிங் ரோட்டுக்கு மேல நீட்டிகிட்டு இருந்தா, டவுன் பஸ் கண்ணாடி மட்டும் இல்லை, பேரூராட்சி ஆளும் வந்து இடிப்பார். 2014-ல வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்பு தருது, சரிதான். ஆனா அது வியாபாரம் பண்ற உரிமைக்கு. பாதி ரோட்டுக்குப் பந்தல் போட இல்லை.

சரி, போடவா வேணாமா? என் ஓட்டு அப்பாவுக்கு. முழு ஓட்டு இல்லை, முக்கால்.

கவுண்டருக்கு சைடுல திறக்குற கதவு வேணாம். மேல்நோக்கித் திறக்குற கதவு வைக்கச் சொல்லுங்க. கார் டிக்கியில இருக்குமே, அந்த கேஸ் ஷாக் ரெண்டு போட்டா, திறந்த கதவே மூணடி தகரக் கூரை. கொஞ்சம் கீழ்நோக்கிச் சாஞ்சு நிக்கிற மாதிரி அமைச்சா தண்ணி தானா வழிஞ்சிடும். படபடக்காது. பூஞ்சை பிடிக்காது. ராத்திரி பூட்டினா அதுவே ஷட்டர். கதவு எப்படியும் செய்யத்தான் போறீங்க, அதனால கூடுதல் செலவு அந்த ரெண்டு ஷாக்குக்கு மட்டும்தான். காத்து பலமா அடிக்கிற அன்னிக்கு மட்டும் ரெண்டு பக்கமும் கம்பி கொடுத்து முட்டு வெச்சுக்குங்க. கேஸ் ஷாக்கை மட்டும் நம்பாதீங்க, பழசானா அது இறங்கும்.

மழைக் காலத்துக்கு, அந்தக் கதவு விளிம்புல ஒரு படுதா. லாரிக்குத் தைக்கிறவங்ககிட்ட ஓரத்துல கண்ணு வெச்சுத் தைக்கச் சொல்லுங்க. வெளிமுனையைத் தாழ்த்தி ரெண்டு கம்புல கட்டணும். காத்து ஜாஸ்தியானா முடிச்சை இழுத்தாப் போதும், விழுந்துடும். ஆனிங் போனா பாடித் தகரத்தையும் பிச்சுகிட்டுப் போகும். படுதா போனா படுதாதான் போகும்.

அந்த மீதி கால் ஓட்டு பட்டறை அண்ணனுக்கு. ஏன்னா அவர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு: “அப்புறமா வேணும்னா தகரத்தைப் பிரிச்சுத்தான் மாட்டணும் தம்பி.” கரெக்ட். அதனால இப்பவே, பாடி கட்டும்போதே, கவுண்டருக்கு மேலே உள்பக்கச் சட்டத்துல ரெண்டு தடிமனான பட்டை வெல்டு பண்ணி, எங்கே இருக்குன்னு அளவு குறிச்சு வாங்கிக்குங்க. வியாபாரம் சூடு பிடிச்சு, ஒரு ஆடியும் ஒரு ஐப்பசியும் பார்த்த பிறகு, ஆனிங் வேணும்னு தோணினா, ஸ்க்ரூ வெறும் தகரத்துல இல்லாம அந்தப் பட்டையில ஏறும். கரூர்ல பஸ் பாடி கட்டுற இடங்கள் ஏகப்பட்டது இருக்கு. எரியோட்டுல ரயில் ஏறினா நேரா கரூர்தான். ஒரு நாள் போய், சட்டத்துக்கு என்ன இரும்பு போடுறாங்க, மூலையை எப்படிப் பிடிக்கிறாங்கன்னு பார்த்துட்டு வந்து பட்டறை அண்ணன்கிட்ட பேசுங்க. அவரும் சந்தோஷப்படுவார்.

கடைசியா, நிறுத்துற இடம். கவுண்டர் எப்பவும் வண்டியோட இடது பக்கம் இருக்கட்டும், அப்போதான் சாப்பிடுறவங்க ரோட்டுல நிக்காம ஓரத்துல நிப்பாங்க. வேடசந்தூர் ரோடு பொதுவா கிழக்கு மேற்காப் போகுது, அங்கே நிறுத்தினா கவுண்டர் வடக்கையோ தெற்கையோதான் பார்க்கும். குஜிலியம்பாறையிலேர்ந்து வடமதுரை போற ரோடு, வளைவு நெளிவு போக, வடக்கு தெற்கு. அதுல வண்டி மூக்கு வடமதுரையைப் பார்க்கிற மாதிரி இடது ஓரமா நிறுத்திப் பாருங்க. கவுண்டர் கிழக்கே திரும்பிடும். சாயங்கால வெயில் வண்டி முதுகுல. ஆடிக் காத்தும் வண்டி முதுகுல. வாங்குறதுக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை காலி வண்டியைக் கொண்டுபோய் அங்கே நாலரை மணிக்கு நிறுத்தி, ஒரு ஸ்டூல் போட்டு ஆறு மணி வரைக்கும் உட்காருங்க. அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க.