மாடுகளோடு நடந்த ஒரு நாள்



நம் பள்ளியில் பயின்று இன்று இங்கிலாந்தில் பணியாற்றும் ஒரு மாணவி சென்ற ஆண்டு எனக்கு மடல் எழுதியிருந்தாள். விடுமுறை நாளொன்றில் நாட்டுப்புறம் சென்று, கட்டணம் செலுத்தி, அல்பாக்கா என்னும் விலங்கின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் புல்வெளியில் நடந்து வந்தாளாம். அல்பாக்கா ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவின் பெரு, பொலிவியா நாடுகளில், வானை முட்டும் மலைவெளிகளில், அதன் மென்மையான உரோமத்திற்காகப் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்க்கப்பட்டு வருவது. அதன்மீது ஏறிச் செல்ல இயலாது. சினம் மிகுந்தால் துப்பும். அதன் நடைக்கு நாம்தாம் இணங்கி நடக்க வேண்டும். அப்படி நடப்பதற்குத்தான் கட்டணம். மடலின் இறுதியில் அவள் கேட்டிருந்த கேள்வி என்னை உறங்கவிடவில்லை. "என் தாத்தா செமிலிங்கில் வாழ்நாள் முழுதும் இதைத்தானே ஐயா செய்தார்? அவரை ஏன் யாரும் மதிக்கவில்லை?"

அவளுக்கு என்ன மறுமொழி எழுதுவது? யோசித்துப் பார்த்தபோது, மதிக்காதவர்களில் நானும் ஒருவன் என்பது விளங்கிற்று.

கணக்கு வராத மாணவனைப் பார்த்து, "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று நான் சொல்லியிருக்கிறேன். ஒரு முறையன்று, பல முறை. என்னை அவ்வாறு ஏசிய ஆசிரியர்களிடமிருந்து நான் கற்ற வசவு அது. இத்தனைக்கும் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தபோது கொண்டுசென்ற பெட்டியும் காலணியும் எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி ஒன்றை விற்ற பணத்தில் வாங்கியவை. பால்மரம் வெட்டிய கூலி அரிசிக்கும் பருப்புக்கும் போயிற்று. பால் விற்ற காசுதான் புத்தகமாயிற்று. தமிழில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. வள்ளுவர் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டிருப்பது கல்வி என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறவன், அடுத்த பாடவேளையில் அதே மாட்டை வசவாக்கினேன்.

ஆகவே, சென்ற பொங்கலுக்குப் பிந்திய ஒரு சனிக்கிழமை, ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர் பத்தொன்பது பேரை அழைத்துக்கொண்டு, தோட்டத்தில் இன்றும் மாடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரின் மந்தையோடு நடந்தேன். ஆசிரியர் இருவரும் பெற்றோர் நால்வரும் உடன் வந்தனர். கெடாவில் அது மழையற்ற பருவம். குனோங் ஜெராய் உச்சிவரை மேகமின்றித் தெரிந்தது. கொட்டகையில் பால் கறந்து முடியும்போது மணி ஏழரை. கட்டவிழ்த்ததும் கிழட்டுப் பசு ஒன்று முன்னே நடந்தது. மற்றவை அதன் பின்னே சென்றன. யாரும் ஓட்டவில்லை.

மாணவர்களை மாடுகளை எண்ணச் சொன்னேன். இருபத்தேழு என்றனர் சிலர், இருபத்தொன்பது என்றனர் சிலர். பெரியவர் எண்ணவே இல்லை. ஒரு முறை பார்த்துவிட்டு, "செவலையைக் காணோம்" என்றார். எத்தனை இருக்கின்றன என்று அவர் பார்ப்பதில்லையாம். எது இல்லை என்றுதான் பார்ப்பாராம். வகுப்பில் வருகைப் பதிவேடு எடுக்கும் நான் கற்றுக்கொள்ள வேண்டிய முறை இது. செவலை கால்வாய்க்கு அப்பால் நின்றிருந்தது. அதை அழைத்து வந்தவன் யார் தெரியுமா? கடைசி வரிசையில் அமர்ந்து வாய் திறவாதிருக்கும் மாணவன். பெரியவரின் பேரன். அன்று அவன் ஓயாமல் பேசினான். சதுப்பில் கால் வைக்கப்போன என் கையைப் பற்றி இழுத்தவனும் அவனே. (காலணி மட்டும் தப்பவில்லை.)

செம்பனைக் காட்டினுள் பெரியவர் ஓரிடத்தில் மந்தையைத் திருப்பினார். அங்கே புல் தளதளவென்றுதான் இருந்தது. ஆனால் முன்னாள்தான் களைக்கொல்லி அடித்திருந்தார்கள். இளங்கன்றுகள் நட்ட பகுதிப் பக்கமும் அவர் போகவில்லை; மாடு மட்டையைக் கடித்துவிடும். வளர்ந்த செம்பனையின் நிழலில்தான் மேயவிட்டார். மாடுகள் கிளப்பிவிடும் பூச்சிகளைப் பிடிக்க உண்ணிக்கொக்குகள் கூடவே நடந்தன. நண்பகலில் மாடுகள் படுத்து அசைபோட்டபோது, நான்கு அறைகள் கொண்ட அதன் வயிற்றைப் பற்றி அறிவியல் ஆசிரியை விளக்கினார். படத்தில் கண்டபோது கொட்டாவி விட்டவர்கள், அங்கே மாட்டின் தொண்டையில் உருண்டை மேலேறுவதைக் கண்டு ஆரவாரித்தனர்.

நம் முன்னோர் லயங்களுக்குப் பின்னால் கொட்டகை போட்டு வளர்த்த மாடுகளின் வழிவந்தவற்றை, இந்நாட்டுக் கால்நடைத் துறையினர் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்றே குறிப்பிடுகின்றனர். கெடா கிளந்தான் மாடு என்று இன்னோர் இனமும் உண்டு. சிற்றுடலாயினும் வெயிலுக்கும் நோய்க்கும் எளிதில் தளராதது, நம் மாநிலத்தின் பெயரையே தாங்கியது. 1970களில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பால்மரங்களுக்கிடையே செம்மறியாடுகளை மேய்த்துக் களையைக் குறைக்கும் முறையை ஆராய்ந்தது. நம் பாட்டன்மார் எந்தக் கழகத்தையும் கேளாமல் செய்துவந்ததுதான் அது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்தவர்கள் மாட்டை எங்கே கட்டுவார்கள்? கிடைத்த விலைக்கு விற்றார்கள்.

இந்நடையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அறிவித்தபோது ஒரு தந்தை எழுந்தார். "நான் நாலாம் வகுப்போடு நின்று மாடு மேய்த்தேன். என் மகனும் மேய்க்கவா பள்ளிக்கு அனுப்புகிறேன்?" என்றார். அவர் குரல் நடுங்கியது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளையை மந்தைக்கு அனுப்பிய கொடுமை நம் தோட்டங்களில் நடந்தது உண்மை. ஆயினும், மேய்ப்பதற்காகப் பள்ளியை விடுவது வேறு. பள்ளியே ஒரு நாள் மேய்ச்சலுக்குப் போவது வேறு. அவரைப் பள்ளியிலிருந்து பிரித்தது வறுமை. மாட்டின்மேல் அக்குற்றத்தை ஏற்றுவானேன்? இப்படி நான் சொன்னதை அவர் முழுதும் ஒப்பவில்லை. ஆயினும் மகனை அனுப்பினார், தாமும் வந்தார், கன்று ஈன இருந்த பசுவைத் தடவிப் பார்த்து இன்னும் பத்து நாள் என்று கணித்தவரும் அவரே.

மெர்போக்கில் அருங்காட்சியகம் இருக்கிறது. சுங்கை பத்துவில் 2009 முதல் அகழ்ந்தெடுத்த இரும்பு உலைகள் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மாணவரை அழைத்துச் செல்கிறோம், செல்லவும் வேண்டும். மந்தையோடு ஒரு நாள் நடப்பதையும் பள்ளியின் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆறாம் ஆண்டுத் தேர்வுக்கு நாள் போதாது என்ற பழைய சாக்கும் 2021இல் அத்தேர்வோடு போய்விட்டது. மாடு மேய்க்கப் போ என்று இப்பள்ளியில் இனி எந்த ஆசிரியரும் ஏசக் கூடாதென்றும் ஆசிரியர் கூட்டத்தில் முடிவு செய்தோம். முதலில் கையொப்பமிட்டவன் நான்.

அடுத்த நடை வரும் பொங்கலுக்குப் பின். வர விரும்பும் பெற்றோர் அலுவலகத்தில் பெயர் தருக. பெரியவருக்குப் பணம் கொடுக்க முயன்றோம், வாங்க மறுத்துவிட்டார். மாடுகளுக்கு உப்பு வாங்கித் தந்தால் போதும் என்றார். வருகிறவர்கள் ஆளுக்கொரு பொட்டலம் உப்பு எடுத்து வாருங்கள்.