கடற்கரை உணவகமும் கவலை மீனும்

இரண்டாமாண்டு பி.எஸ்சி. (வேதியியல்) மாணவர்

கடல் என்றதும் கவிஞர்களுக்கு அலையும் நிலவும் நினைவுக்கு வருமாம். மாமல்லபுரத்து மீனவர் குப்பத்தில் பிறந்த எனக்கோ அடுப்பில் கொதிக்கும் குழம்புதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, எனக்குத் தெரிந்த சோற்றைப் பற்றியே எழுதுவதென்று முடிவு செய்தேன். தமிழ்ப் பேராசிரியர் பொறுத்தருள்வாராக!

சென்ற பொங்கல் விடுமுறையில் வகுப்புத் தோழர்கள் ஐவர் எங்கள் ஊருக்கு வந்திருந்தனர். அர்ச்சுனன் தபசு, ஐந்து இரதங்கள், கடற்கரைக் கோயில் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினேன். இராசசிம்ம பல்லவன் கட்டியது என்றும், 1984இல் யுனெஸ்கோ இவ்வூர்ச் சின்னங்களை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது என்றும் வழிகாட்டியைப் போல முழங்கினேன். நண்பகல் ஆயிற்று, பசித்தது. எங்கள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். அம்மா காலையிலேயே குழம்பு வைத்திருந்தார். ஆனால் நான் தோழர்களை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. கடலைப் பார்த்தாற்போல் கீற்றுக் கொட்டகை போட்டிருந்த ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனேன்.

ஆறு பேர் சேர்ந்தாற்போல் உட்கார எங்கள் வீட்டில் இடமில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். வாசலில் காயும் கருவாட்டின் வீச்சமும், அம்மாவின் குப்பத்துப் பேச்சும் தோழர்களுக்கு எப்படிப் படுமோ என்ற கூச்சமே உண்மை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிப்போடு சேர்ந்து இந்தக் கூச்சமும் வந்துவிட்டது போலும்!

உணவகத்தைக் குறை சொல்வதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காலடியில் மணல். மூங்கில் நாற்காலிகள். நகரத்து ஓட்டல்களில் நாம் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இங்கே ஓர் எலுமிச்சை சோடாவை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கடலைப் பார்த்திருந்தாலும் எழுந்திரு என்பாரில்லை. பரிமாறுபவர் ஒரு தட்டில் மீன்களை அடுக்கிக் கொண்டுவந்து காட்டுகிறார். நாம் கைகாட்டுகிற மீனை நிறுத்து, விலை சொல்லி, வாட்டித் தருகிறார்கள். இந்த நிதானமும் நேர்மையும் எனக்குப் பிடித்திருந்தன.

வாசற்பலகையில் ‘உள்ளூர்க் கடலுணவு’ என்று எழுதியிருந்தது. உள்ளே விலைப்பட்டியலைப் புரட்டினேன். வஞ்சிரம், இறால், கடம்பா, நண்டு, சிங்க இறால் இருந்தன. நூடுல்சும் பீட்சாவும் வறுத்த உருளைக்கிழங்கும் இருந்தன. கவலை மீன் இல்லை. நெத்திலி இல்லை. காரப்பொடி இல்லை. மாங்காய் போட்ட மீன் குழம்பு மருந்துக்கும் இல்லை. அதாவது, அந்தக் கொட்டகைக்குப் பின்னாலுள்ள தெருக்களில் அன்று மத்தியானம் உண்ணப்பட்ட எதுவுமே அந்த ‘உள்ளூர்’ உணவில் இல்லை. வஞ்சிரத்தை நாங்கள் பிடிப்போம், உண்பது அரிது. அதை விற்றால்தானே படகின் எண்ணெய்க்கும் அறுந்த வலைக்கும் காசு!

இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய் ஆயிற்று. ஆறு பேரும் பங்கு போட்டுக் கொடுத்தோம். மாலையில் வீட்டுக்குப் போனபோது சட்டி மூடியபடியே இருந்தது. “வூட்டாண்ட வந்துட்டு அங்க போயா துன்னீங்க?” என்று அம்மா கேட்டார். என்ன மீன் என்றார். வஞ்சிரம் என்றேன். “அது உங்க நைனா காலைல எடை போட்டுக் குடுத்த மீனுடா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் படகில் வந்த மீனை, எங்கள் கூரை தெரியும் தூரத்தில் உட்கார்ந்து, துண்டுக்கு நானூற்றைம்பது ரூபாய் கொடுத்து நான் தின்றிருக்கிறேன்.

இதைப் பிற்பாடு அந்த உணவகத்தாரிடமே பேசிப் பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை. “தம்பி, கவலை மீனில் முள் அதிகம். வருகிறவர்கள் பயப்படுகிறார்கள். விலையும் மலிவு, கூறு நூறு ரூபாய் மீனை நான் என்ன விலைக்கு விற்பது?” என்றார். வணிகர் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவருக்கும் வாடகை உண்டு, ஆட்கூலி உண்டு. ஆயினும் எனக்கு மறுப்பு உண்டு. முள்ளுக்குப் பயப்படுகிறவர் நண்டை ஓடுடைத்து உறிஞ்சுகிறாரே, அது எப்படி? நண்டு தின்னக் கற்றவர் கவலை தின்னக் கற்க மாட்டாரா? விலைக்கு வருவோம். மீன் மலிவாயிருக்கலாம், குழம்பு மலிவன்று. புளி கரைத்து, மசாலா அரைத்து, மண்சட்டியில் கொதிக்கவிட்டு, பதம் பார்த்து இறக்கும் கைக்குக் கூலி இல்லையா?

இவ்விடத்தில் என் பாடத்தைச் சிறிது நுழைக்க அனுமதி வேண்டுகிறேன். மீனின் வீச்சத்துக்கு முக்கியக் காரணம் டிரைமெத்தில் அமீன் என்னும் காரப்பொருள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதனோடு சேர்ந்து, காற்றில் பறக்காத உப்பாக அதை மாற்றிவிடுகிறது. வீச்சம் அடங்குகிறது. அமில-கார வினையை ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நான் கற்றேன். பள்ளிக்கூடம் பார்க்காத அம்மா அதை நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறார். சத்தும் குறைவில்லை. உடலுக்கு நல்லதென்று மருத்துவர்கள் கூறும் ஒமேகா-3 கொழுப்பு கவலை மீனில் மிகுதி. நெத்திலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. பெயரில்தான் கவலை!

உள்ளூர் உணவு என்றால், அன்று வலையில் விழுந்ததைச் சமைப்பது என்றே நான் பொருள் கொள்கிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் வரத்துக் குறையும். எங்களைப் போன்றவர்களின் கண்ணாடியிழைப் படகுகள் கொண்டுவருவதைத்தான் நம்பியிருக்க வேண்டும். அப்போதும் விலைப்பட்டியலில் அதே பெயர்கள்தான். பனிக்கட்டிப் பெட்டியில் எத்தனை நாள் கிடந்ததோ, யார் கண்டது! அச்சடித்த அட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, இன்று வந்த மீன் இன்னது என்று சாக்குக்கட்டியால் எழுதினால் என்ன செலவாகிவிடும்?

பிற மாநிலத்தார் சும்மா இல்லை. கோவாவில் 2023ஆம் ஆண்டின் கடற்கரைக் குடில் கொள்கை, குடில்களில் கோவா உணவையும் கட்டாயம் வைக்க வேண்டும் என்றது. கேரளத்தில் ‘தீரமைத்ரி’ என்ற அரசுத் திட்டத்தின் துணையோடு மீனவப் பெண்களே குழுவாகச் சேர்ந்து கடலுணவு விடுதிகள் நடத்துகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் அதிகம் பிடித்திருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து வைக்கும் குழம்பு ருசிக்குமா என்பது ஐயமே. எங்கள் ஊர் உணவகங்களில் குப்பத்துப் பெண்கள் வேலை செய்யாமல் இல்லை. மீன் கழுவுகிறார்கள், பாத்திரம் துலக்குகிறார்கள். கரண்டி மட்டும் அவர்கள் கையில் இல்லை. அம்மாவையும் ஒரு முறை கழுவும் வேலைக்குக் கேட்டார்கள். அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் போய் விற்றுவருவதே மேல் என்று மறுத்துவிட்டார். சமைக்கக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இவ்வளவும் எழுதிய பின் ஒன்றை மறைப்பது நியாயமன்று. முதலாண்டு முழுவதும் நான் இக்கல்லூரிக்கு எடுத்து வந்தது எலுமிச்சைச் சோறு. கருவாட்டுத் தொக்கு வைத்துத் தருகிறேன் என்று அம்மா சொன்ன போதெல்லாம், வகுப்பில் நாறும் என்று தடுத்தேன். விலைப்பட்டியலிலிருந்து கவலை மீனை உணவகத்தார் நீக்குவதற்கு முன், என் சோற்றுப் பாத்திரத்திலிருந்து அதை நீக்கியவன் நானே.

பருவத் தேர்வு முடிந்ததும் அதே ஐவரும் மறுபடி வருகிறார்கள். இம்முறை சாப்பாடு எங்கள் வீட்டுத் திண்ணையில். இடம் போதாவிட்டால் படகு நிழலில். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “அந்தப் புள்ளைங்களுக்கு முள்ளு எடுக்கத் தெரியுமாடா?” என்று கேட்டார். ஒருவனுக்கும் தெரியாது என்றேன். அப்படியானால் முதல் நாள் பெரிய மீனாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று நைனாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.