மாடுலர் இல்லாவிட்டால் சமையலறை இல்லையா?

காசு சேரும்வரை சமையலறையில் கைவைக்காதீர்கள், செய்தால் மொத்தமாக மாடுலராகச் செய்யுங்கள் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அதுவரை ஒழுகும் குழாய் காத்திருக்குமா?

மலிவு மாடுலர் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டுதான். சிங்க்குக்கு அடியில் நீர் கசிந்தால் பலகை ஊதும். கீலின் திருகு பிடிமானம் இழந்து கதவு தொங்கும். அவர் இடிக்கச் சொல்லும் பழைய கடப்பாக்கல் தட்டை ஈரமும் அரிக்காது, கரையானும் தின்னாது. அதை அப்படியே விட்டு, முன்பக்கம் அலுமினியச் சட்டத்தில் கதவு போட்டால் போதும். பலகைதான் வேண்டுமென்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் வாங்குங்கள்.

மிச்சப் பணம் குழாய்க்கும், இண்டக்ஷன் அடுப்புக்கான 16 ஆம்பியர் பிளக்குக்கும், எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் போகட்டும். விருந்தாளி பார்ப்பது கதவை. சமைப்பவர் நிற்பது புகையில். பட்ஜெட் யாருக்காக?