புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

நாவிதன்வெளியில் ஒரு வீட்டில், மூத்தம்மாவின் பெட்டியில் கிடந்த 1944ஆம் ஆண்டின் சதுர ஐந்து சதக் குற்றியை இக்மன் இணையத்தளத்தில் விற்கப் படம் பிடித்தார்கள். பிளாஷ் வெளிச்சத்தில் ஆண்டே அழிந்துபோனது. காலையில் ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுத்தால் போதும். ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை ஒரு பக்கம், ஆண்டு மறுபக்கம். இரண்டும் தெரிய வேண்டும். கீறல் இருந்தால் அதையும் காட்டுங்கள், வாங்குபவருக்கு அது நம் அமானிதம். பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்த்தால் சேகரிப்பாளர் விலையைக் குறைத்துவிடுவார். நகையென்றால் இன்னும் கவனம்: வீட்டு வாசலோ அலுமாரியோ படத்தில் விழவே கூடாது. போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள்.