திண்ணைக்கு வாடகை எவ்வளவு சார்?

மக்களே, ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டிருக்கற விஷயம் இது. காடாம்புலியூர்ல எங்க தாத்தா கட்டின வீட்டை 'ஹோம்ஸ்டே' ஆக்கிடலாம்னு சித்தப்பா பையன் கிளம்பியிருக்கான். பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போற வழியில, பலாவுக்கும் முந்திரிக்கும் நடுவுல இருக்கற ஊர். நாட்டு ஓடு, உள்ளே முற்றம், தெருப்பக்கம் ரெண்டு திண்ணை. பெங்களூருல பொட்டி தட்டிக்கிட்டிருக்கற என்னையும் சேர்த்து அஞ்சு பங்காளிங்க கையெழுத்துப் போடணும். அதனால இது வெட்டிக் கருத்து இல்லீங்க, கையெழுத்துக்கு முந்தைய கருத்து :-)

முதல்லயே சொல்லிடறேன். பழைய வீட்டை விடுதியாக்குறதுக்கு நான் எதிரி இல்லை. செட்டிநாட்டுப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல், ஆத்தங்குடித் தரைன்னு பார்த்துப் பார்த்துக் கட்டின வீடுகள். இன்னிக்கு ஒவ்வொண்ணுக்கும் ஏகப்பட்ட பங்குதாரர். ஒருத்தர் சென்னையில, ஒருத்தர் சிங்கப்பூர்ல. ஓடு சரிஞ்சா மாத்த ஆள் கிடையாது. மழைத்தண்ணி இறங்கும், உத்தரம் இத்துப் போகும், ஒருநாள் இடிச்சுடுவாங்க. அப்புறம் அந்த வீட்டுத் தூணையும் கதவையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில பார்க்கலாம். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல ஏறிச்சு. ஆனா பட்டியல் வந்து ஓடு மாத்தாது. கானாடுகாத்தான் பக்கம் சில வீடுகள்ல இன்னிக்கும் விளக்கு எரியுதுன்னா, அங்கே காசு கொடுத்துத் தங்க ஆள் வர்றதும் ஒரு காரணம்.

தரங்கம்பாடியும் அப்படித்தான். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரங்க கோட்டை கட்டின ஊர். 1845-ல் ஆங்கிலேயர்கிட்ட வித்துட்டுப் போயிட்டாங்க. கடலைப் பார்த்த பழைய பங்களாவை நீம்ரானா நிறுவனம் சரிபண்ணி விடுதியாக்குச்சு. 2004 சுனாமிக்கு அப்புறம் கோல்ட்ஸ்மித் தெருவில இருந்த பழைய ஓட்டு வீடுகளை இன்டாக் அமைப்பு பழைய முறையிலேயே புதுப்பிச்சது. தங்க வர்றவங்களுக்குக் கோட்டையோட சேர்த்துத் தெருவும் பார்க்கக் கிடைக்குது. எனக்கு ரெண்டாவதுதான் பெரிசாத் தெரியுது.

சரி, அப்ப என்னதான்யா பிரச்சினைன்னு கேக்குறீங்களா? வர்றேன்.

போன வருஷம் செட்டிநாட்டுப் பக்கம் ஒரு விடுதியில ரெண்டு நாள் தங்கினேன். பேர் வேண்டாம். அழகுன்னா அப்படி ஒரு அழகு. பித்தளை உருளியில மிதக்கற பூ, வெள்ளைக் கொசுவலை, காலையில வாழையிலைத் துண்டு மேல மூணே மூணு பணியாரம் (எங்க ஆயா பார்த்திருந்தா 'புள்ளைக்கு உடம்பு சரியில்லையா'ன்னு கேட்டிருக்கும்). சாயங்காலம் ஒருத்தர் வீட்டைச் சுத்திக் காட்டினார். "வழிப்போக்கருங்க வந்து படுத்துட்டுப் போறதுக்காக அந்தக் காலத்துல திண்ணை கட்டினாங்க சார். யாரு என்னன்னு கேக்க மாட்டாங்க" என்றார். அதே நேரம், பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் வெயிலுக்கு அந்தத் திண்ணையில வந்து உக்காந்தார். வாட்ச்மேன் வந்து எழுப்பிட்டார். கெஸ்ட் இருக்காங்களாம். அந்த கெஸ்ட் நான்தான்!

என் ஆட்சேபணை மொத்தமும் இந்த ஒரே இடத்துலதான். தூணைக் காப்பாத்தியாச்சு, தரையைக் காப்பாத்தியாச்சு. அந்த வீடு எதுக்காகத் தெருவைப் பார்த்துத் திறந்து நின்னுதோ, அதை மட்டும் பூட்டியாச்சு. இதுக்குப் பாரம்பரியம்னு பேர் வேற.

எல்லாரும் எல்லாத் திண்ணையிலயும் உக்கார முடிஞ்ச பொற்காலம் ஒண்ணு இருந்துச்சுன்னு நான் கதைவிடலை. சாதி பார்த்துத்தான் திண்ணையில இடம் கொடுத்தாங்க. அதுவும் நம்ம பாரம்பரியம்தான், அதைத் தூக்கிக் குப்பையில போடலாம். ஆனா அன்னிக்குச் சாதி சொல்லி எழுப்பினதுக்குப் பதிலா இன்னிக்கு 'கெஸ்ட் ஒன்லி' போர்டு மாட்டி எழுப்பினா என்ன முன்னேற்றம்?

இன்னொண்ணு. 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்'ங்கறதோட அர்த்தமே, வீட்டுக்காரங்க குடியிருக்கற வீட்டுல மிச்சம் இருக்கற அறையை விட்டு, காலையில சாப்பாடும் போடறதுதான். மத்திய சுற்றுலா அமைச்சகம் இதுக்குன்னு வச்சிருக்கற திட்டத்துலயும் ஒண்ணுல இருந்து ஆறு அறை வரைக்கும்தான், வீட்டுக்காரர் குடும்பத்தோட அங்கேயே இருக்கணும்னு விதி. வீட்டுக்காரர் அமெரிக்காவுலயும் மேனேஜர் முன் அறையிலயும் இருந்தா அதுக்குப் பேர் ஓட்டல். ஓட்டல் நடத்துறது தப்பில்லை. 'வீடு'ன்னு சொல்லி நடத்தாதீங்க, அவ்ளோதான்.

"அண்ணே, ஊர்க்காரங்களுக்கு இலவசமாத் திறந்துவிட்டா தொழில் எப்படி நடக்கும்?" இது தம்பி கேட்டது. நியாயமான கேள்விதான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் எங்க பக்கத்துப் பலா, முந்திரியையெல்லாம் சாய்ச்சுட்டுப் போனப்ப நான் ஸ்கூல் பையன். சாஞ்ச மரத்துக்குப் பதிலா வச்ச கன்னு காய்க்கறதுக்குள்ள சித்தப்பா தலை முழுக்க நரைச்சுப்போச்சு. ஓட்டு வீட்டைக் காப்பாத்த வருமானம் வேணும், ஒத்துக்கறேன். பக்கத்துல வடலூர்ல வள்ளலார் 1867-ல் ஏத்தின அடுப்பு இன்னும் அணையாம, வர்றவங்களுக்கெல்லாம் சோறு போட்டுக்கிட்டிருக்கு. அது தருமசாலை. நம்ம வீட்டை தருமசாலை ஆக்குன்னு நான் சொல்லலை. ஆனா அந்த அடுப்புக்குப் பக்கத்து ஊர்ல இருந்துக்கிட்டு, ரெண்டடி அகலத் திண்ணையில உக்கார்றவரை எழுப்பிவிட்டா நல்லா இருக்காது தம்பி.

அதனால கையெழுத்துக்கு என் நிபந்தனைகள்:

ஒண்ணு, அறை மூணுக்கு மேல வேண்டாம். சித்தப்பாவும் சித்தியும் அந்த வீட்டுலயே இருக்கணும்.

ரெண்டு, சமைக்கப்போறது சித்தியும் பக்கத்து வீட்டு அக்காவும்தான்னா ரெண்டு பேருக்கும் மாசச் சம்பளம். 'வீட்டு மனுஷங்கதானே'ன்னு இழுக்கக் கூடாது. வர்றவங்க காசு கொடுக்கறதே அவங்க கைப்பக்குவத்துக்குத்தான்.

மூணு, பலா சீசன்ல வர்றவங்களைத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போ. கையில எண்ணெய் தடவிக்கிட்டு அவங்களே சுளை எடுக்கட்டும். கிண்ணத்துல நாலு சுளை வச்சு மேல புதினா இலை சொருகின படம் எனக்கு வந்துச்சு, அவ்ளோதான் நீ!

நாலு, தெருத் திண்ணைக்குக் கிரில் கிடையாது, போர்டு கிடையாது. பஸ்ஸுக்கு நிக்கறவங்க, முந்திரி உடைச்சுட்டு வர்றவங்க, யாரு வேணா உக்காரலாம். ஒரு பானைத் தண்ணியும் இருக்கணும். காசு கொடுத்து வர்ற விருந்தாளிக்கு அது தொந்தரவா இருந்தா, அவருக்குப் புதுச்சேரியில நல்ல நல்ல ரிசார்ட் இருக்கு, வழி சொல்லி அனுப்பு.

முதல் மூணையும் பேசித் தீர்த்துக்கலாம், முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. நாலாவதுல பேச்சே கிடையாது. கிரில் வச்ச பிளான் வந்தா, மத்த நாலு பேர் போட்டாலும் என் கையெழுத்து விழாது.

பி.கு: தம்பி இதைப் படிப்பான்னு தெரியும். டேய், அட்வான்ஸ் கொடுத்த கிரில்காரர்கிட்ட மாட்டுக் கொட்டாய்க்குக் கதவு செஞ்சு தரச் சொல்லு :-)